இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

போன மாசம் ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மச்சானோட வெப்சைட்டுல ஒரு ஃபோல்டருக்கு ஓனர் மாத்தணும். ஒரே ஒரு வரி டைப் பண்ணி என்டர் தட்டணும். டீ ஆறறதுக்குள்ள முடியற வேலை.

நான் கள்ளக்குறிச்சியில சின்னதா ஒரு கடை வெச்சு வெப்சைட் செஞ்சு தர்றவன். அரிசி மில்லு, தையல் கடை, ஓட்டல்னு இந்தப் பக்கத்து ஆளுங்க நிறைய பேர் எங்கிட்டதான். ஆளுக்கொரு சர்வர் எடுத்தா கட்டுப்படியாகாதுன்னு எல்லாரையும் ஒரே சர்வர்ல குடி வெச்சிருக்கேன். லைன் வீடு மாதிரி. ஒரே காம்பவுண்டு, தனித்தனி கதவு, தனித்தனி பூட்டு. யாரு எந்தக் கதவைத் திறக்கலாம்னு முடிவு பண்றவன் நான். அந்தப் பதவிக்குப் பேரு ரூட். வீட்டுல துணி மடிக்கச் சொன்னா மறுபேச்சு பேசாம மடிக்கிறவன்தான், ஆனா சர்வருக்குள்ள ரூட்.

மச்சான்னா என் பொண்டாட்டியோட அண்ணன். பேரு செல்வம். எலவனாசூர்கோட்டையில கல்யாண மேடை அலங்காரம் பண்ற கடை வெச்சிருக்கார். வெறும் செல்வம்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது. எம்.செல்வம்னு சொல்லணும். கடை போர்டுல எம்.செல்வம். வண்டி கண்ணாடியில எம்.செல்வம். என் போனைக்கூட வாங்கி, அவரே எம்.செல்வம்னு சேவ் பண்ணிக் குடுத்தார்.

அன்னிக்கு மத்தியானம் வெள்ளிமலையிலேர்ந்து ஒரு பெண் வீட்டுக்காரங்க அவர் கடைக்கு வர்றதா இருந்துச்சு. தியாகதுருகத்துல மச்சான் போட்ட மேடை ஒண்ணை அந்தப் பொண்ணு பாத்திருக்கு. மாப்பிள்ளைப் பையன் திருப்பூர்ல வேலை பாக்கறவர், அவர் அங்கேர்ந்தே வெப்சைட்டுல பாத்து சரின்னு சொல்லணும். கல்வராயன் மலையில மச்சானுக்கு அதுவரைக்கும் ஒரு ஆர்டர்கூட கிடைச்சதில்ல.

"இத்த மட்டும் புட்ச்சிட்டம்னா மலை மொத்தமும் நம்மளுதுதான் மாப்ள"ன்னு ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்தார். வாட்ஸப்புல படம் அனுப்பிடலாமேன்னு கேட்டேன். "வாட்ஸப்புல அனுப்பனா சாதா கடை. வெப்சைட்ல பாத்தாதான் பெரிய கடை"ன்னார். அந்த வசனத்தை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். வெப்சைட் விக்கும்போது சொன்னது.

அதுக்கு முந்தின நாள் சாயந்திரம் மச்சான்கிட்டேர்ந்து போன் வந்துச்சு.

"மாப்ள, படம் ஏறமாட்டேங்குது. பர்மிஷன் டினைடுன்னு வருது."

"நான் பாக்கறேன் மச்சான்."

"என் கடை, என் மேடை, என் படம். நான் யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?"

கேள்வி நியாயமானது. தப்பு என்னுது. அவர் சைட்டுக்குப் புது டிசைன் போடும்போது ரூட்டா உள்ளே போய் எல்லாத்தையும் காப்பி பண்ணியிருந்தேன். சர்வர்ல யாரு ஒரு ஃபைலை உண்டாக்கறாங்களோ அவங்க பேர்லயே அது பதிவாயிடும். கொத்தனார் கட்டினதால வீடு கொத்தனார் பேர்லயே பதிவான மாதிரி. அதை மாத்தி மச்சான் பேருக்குக் குடுக்கணும், அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 777ன்னு ஒரு நம்பரைப் போட்டா எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறந்துக்கும். நெட்டுல பாதிப் பேர் அதைத்தான் செய்யச் சொல்வாங்க. நான் அப்படிச் செய்யற ஆள் இல்ல. போன தீபாவளிக்கு மாமனார் வீட்டுல இதைப் பத்தி ரொம்ப நேரம் பேசினேன். எல்லாரும் எப்பவோ எழுந்து போயிட்டாங்க, நான் டிவிகிட்ட பேசிக்கினு இருந்திருக்கேன். அந்த அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு உள்ளவன்.

நேர்லயே போய் முடிச்சுக் குடுத்துட்டு வரலாம்னு காலையில லேப்டாப்போட எலவனாசூர்கோட்டைக்குக் கிளம்பிட்டேன். மாப்பிள்ளை வேலைத் திறமையை மாமனார் வீட்டு ஆளுங்க கண்ணால பாக்கட்டும்ங்கற ஆசையும் கொஞ்சம் இருந்துச்சு.

கடையில தனியா நெட் லைன் கிடையாது, மச்சான் கம்ப்யூட்டருக்கு அவர் போன் நெட். என் லேப்டாப்புக்கு என் போன்லேர்ந்துதான் எடுக்கணும். என் போனுக்கு ஒரு வியாதி. யாராவது கூப்பிட்டா நெட் கட்டாயிடும், பேசி முடிச்சு வெச்சாதான் திரும்பி வரும்.

மூலையில தெர்மாகோல் மயிலுக்குப் பக்கத்துல மாமனார் பேப்பர் படிச்சுக்கினு உக்காந்திருந்தார். பேரு முனுசாமி. ஏரிக்கரையோரம் இருக்கற நிலம் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. பாகம் பிரிக்கற பேச்சை மச்சான் எடுத்தா போதும், மாமனார் கால் கழுவ எழுந்து போயிடுவார். அந்த விஷயத்துல ரொம்ப சுத்தக்காரர்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். மச்சான் என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டார்.

இங்கதான் கவனிக்கணும். சர்வர்ல மச்சானோட பேரு வெறும் selvam. நான் வெச்ச பேருதான் அது. ஆனா அவர் கண்ணு முன்னாடி வெறும் செல்வம்னு அடிக்க எனக்குக் கை வரல. வீட்டுக்கு மூத்த மச்சான், பின்னால நின்னு பாத்துக்கினு இருக்கார். மரியாதையா m.selvamன்னு அடிச்சு என்டர் தட்டினேன்.

ஏதோ ஒரு வார்னிங் வந்துச்சு. நான் எர்ரர் வந்தா நிப்பேன். வார்னிங் வந்தா போய்க்கினே இருப்பேன். நம்ம ஊரு ரோட்டுல வண்டி ஓட்டிப் பழகின பழக்கம்.

"ஆச்சு மச்சான். இனிமே எல்லாம் உங்க பேர்ல"ன்னு சொல்லிட்டு டீயைக் கையில எடுத்தேன்.

மச்சான் அவர் கம்ப்யூட்டர்ல படம் ஏத்திப் பாத்தார். ஏறல. அப்புறம் திரையைக் கூர்ந்து பாத்தார். எந்த ஃபோல்டர் யாருதுன்னு கஸ்டமருக்குத் தெரியணும்னு நானே பெரிய எழுத்துல காட்டற மாதிரி எழுதி வெச்சிருக்கேன். அதுல இப்படி இருந்துச்சு. ஓனர்: m. குரூப்: selvam.

"எம்முனா யாரு?"ன்னார்.

யோசிக்காம பதில் சொல்றது என் பிறவிக் குணம். "உங்க இனிஷியல்தான் மச்சான்"ன்னேன்.

மச்சான் முகம் மாறிப்போச்சு. "எம்முனா முனுசாமி. எங்கப்பன் ஓனரு. நான் குரூப்பு."

"அப்படி இல்ல மச்சான்."

"எங்கூட்ல நெலந்தான் அவுரு பேர்ல கெடக்குது. நான் கஸ்டப்பட்டு ஆரம்பிச்ச கடையையும் கொண்டுபோய் அவுரு பேர்லயே எழுதிட்டியா?"

"எழுதறதெல்லாம் இல்ல மச்சான். இது கம்ப்யூட்டர் விஷயம். வேற."

"இன்னா வேற? நாளைக்கு எந்தங்கச்சி பாகம் கேட்டு வந்து நிக்கும். அதுக்குத்தான இந்த வேலை? அவ சொல்லிக் குடுத்தாளா, நீயா பண்ணியா?"

ஒரு எழுத்துல நான் பொண்டாட்டிக்கு சொத்து சேர்க்கற ஆளாயிட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ்வளவு விவரமான ஆளுன்னு என்னை யாரும் சொன்னதில்ல.

சமாதானப்படுத்தலாம்னு வாயைத் திறந்தேன். "மச்சான், குரூப்னா மட்டம்னு நினைக்காதீங்க. ஒரே குடும்பம் மாதிரி அது. குரூப்புல இருக்கறவங்க உள்ளே வரலாம், பாக்கலாம். எதையும் மாத்தத்தான் முடியாது. அதுக்கு ஓனர் மனசு வெக்கணும்."

சொல்லி முடிச்சதும்தான் உறைச்சுது. அவரோட நிலத்து நிலவரத்தை அப்படியே வரி பிசகாம சொல்லியிருக்கேன்.

மூலையில பேப்பர் இறங்குச்சு.

"இன்னாடா, எம்பேரு அடிபடுது?"ன்னார் மாமனார்.

"கம்ப்யூட்டர்ல உன்ன ஓனரா போட்டுகிறாரு உன் மருமவரு"ன்னு மச்சான் பல்லைக் கடிச்சுக்கினு சொன்னார்.

"மெய்யாவா மாப்ள?"

"ஒரு எழுத்துதான் மாமா."

"ஒரு எழுத்து இருந்தா போதாதா?"ன்னு எழுந்தார். சட்டை மேல் பட்டனைப் போட்டுக்கிட்டார். நேரா வந்து மச்சானோட சுத்தற நாற்காலியில உக்காந்து, பாதி சுத்து சுத்திப் பாத்தார். "அப்படியே இருக்கட்டும் மாப்ள. இப்ப இன்னா அவசரம்? எனக்கப்பறம் எப்டியும் இவனுக்குத்தான வரப்போவுது."

மச்சான் வெளியே போய் நின்னு ரோட்டைப் பாத்தார். மலைக்காரங்க வர நேரமாயிடுச்சு. படம் ஒண்ணுகூட ஏறல.

நான் பதறிப்போய் அந்த வார்னிங்கை எடுத்து அப்பதான் படிச்சேன்.

அந்தக் கமாண்டைப் பொறுத்தவரைக்கும் புள்ளிங்கறது இனிஷியல் புள்ளி இல்ல. பழைய வழக்கம் ஒண்ணு இருக்காம். புள்ளிக்கு முன்னால இருந்தா ஓனர் பேரு, பின்னால இருந்தா குரூப் பேரு. இப்பல்லாம் அங்க ரெட்டைப் புள்ளி வெக்கணும், ஒத்தைப் புள்ளி வெச்சாலும் முணுமுணுத்துக்கினே ஏத்துக்கும். இதை எழுதினவங்க எலவனாசூர்கோட்டைப் பக்கம் வந்ததே இல்லன்னு தெரியுது. வந்திருந்தா அப்பா எழுத்தைச் சொத்துக்காரனாக்கற மாதிரி ஒரு கமாண்டை எழுதியிருக்க மாட்டாங்க.

அதோட விட்டுச்சா? சர்வர்ல mன்னு ஒரு ஆளு இல்லாம இருந்தா, அப்படி யாரும் இல்லன்னு கமாண்டு நின்னிருக்கும். நிக்கல. அப்படின்னா mன்னு ஒருத்தர் இருக்கார்.

யாருன்னு தேடினேன். மஜீத் பாய்.

உளுந்தூர்பேட்டையில பிரியாணிக் கடை வெச்சிருக்கறவர். அவருக்கு லாகின் போடும்போது முழுப் பேரைத்தான் வெக்கப் போனேன். "பேரெல்லாம் எதுக்கு தம்பி? அடுப்பாண்ட நின்னுக்கினு எவன் டைப் பண்றது? எம்முனு மட்டும் போடு"ன்னார். போட்டுட்டேன்.

ஆக, என் மச்சானோட கல்யாண மேடைக் கடை அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரு பிரியாணிக் கடைக்காரர் பேர்ல இருக்கு. சுத்தற நாற்காலியில உக்காந்திருக்கற மாமனாருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

மச்சான்கிட்ட சொல்லிடலாமான்னு யோசிச்சேன். 'கவலைப்படாதீங்க மச்சான், உங்க அப்பா பேர்ல இல்ல, யாரோ ஒரு பாய் பேர்ல இருக்கு.' மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். சரியா வரல.

சத்தம் போடாம மாத்திடலாம்னு லேப்டாப் பக்கம் திரும்பி டைப் பண்ண ஆரம்பிச்சேன். போன் அடிச்சுது. நெட் போச்சு. கூப்பிட்டது மஜீத் பாய்.

"தம்பி, நம்ம இதுல ஒரு போல்டர் ஜாஸ்தி தெரியுதே?"

"பாய், எதையும் தொடாதீங்க. ஒரு நிமிஷம் வெச்சிடுங்க."

வெச்சார். நெட் வந்துச்சு. பாதி வரி அடிச்சிருப்பேன். மறுபடியும் அவரே.

"தொடாதேன்னா இன்னா தம்பி? அழிக்கக் கூடாதா, தொறக்கவே கூடாதா?"

"ரெண்டும் வேணாம் பாய். தயவுபண்ணி வெச்சிடுங்க."

நல்ல மனுஷன். சந்தேகம்னு வந்துட்டா தீத்துக்காம விடமாட்டார். மூணாவது தடவையும் கூப்பிட்டார்.

"கோச்சிக்காத தம்பி. இன்னிக்கி ஸ்பெசல் படத்த மட்டும் போட்டுட்டேன், நீ சொல்றதுக்கு முன்னாடியே. மேல இருந்ததுல போட்டேன். சரிதான?"

மேல இருந்தது மச்சானோடது.

யாரு பேர்ல எந்த ஃபோல்டர் இருக்கோ அதெல்லாம் அவங்க திரையில தெரியற மாதிரி எழுதினவன் நான். புதுசா வர்ற படம் சைட்டுல எல்லாத்துக்கும் மேல, எல்லாத்தையும்விட பெருசா தெரியணும்னு டிசைன் பண்ணினவனும் நான். அந்த டிசைனைக் காட்டி மச்சான்கிட்ட பாராட்டு வேற வாங்கியிருந்தேன்.

அதை அழிக்கலாம்னு உக்காரும்போது வாசல்ல ஆட்டோ நின்னுச்சு.

வந்தது அண்ணாமலைன்னு ஒருத்தரும் அவர் பொண்ணு கோகிலாவும். வெள்ளிமலையிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, கடைசியில ஆட்டோ பிடிச்சு வந்திருந்தாங்க. மச்சான் ஓடிப்போய் ஃபேனைத் திருப்பி வெச்சு உக்கார வெச்சார். என்னைச் சோடா வாங்க அனுப்பிட்டார்.

திரும்பி வரும்போது அண்ணாமலை பேசிக்கினு இருந்தார். "நேரா சொல்லிடறங்க. கள்ளக்குறிச்சியில ஒரு ஏஜென்சி, மேடை, சோறு எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறம்னு சொல்றாங்க. அங்கயே குடுத்துடலாம்னுதான் இருந்தோம். பொண்ணுதான் ஒருவாட்டி இங்க வந்து பாத்துடலாம்னுச்சு."

மச்சான் எங்கிட்டேர்ந்து சோடாவை வாங்கி அவங்ககிட்ட நீட்டினார். "புது மேடையெல்லாம் வெப்சைட்ல பாருங்க"ன்னு பழக்க தோஷத்துல சொல்லிட்டார்.

"பஸ்ஸிலயே தொறந்து பாத்துக்கினுதான் வந்தேன்ணா"ன்னு கோகிலா போனைத் திருப்பிக் காட்டிச்சு. "எல்லாம் பழைய படமாதான் இருந்துச்சு. இப்ப புதுசா இது ஒண்ணு வந்திருக்கு. இது இன்னா மேடைங்க?"

போன் முழுக்க ஒரு தட்டு மட்டன் பிரியாணி. பக்கத்துல பாதி முட்டை, வெங்காயப் பச்சடி. பாய் நல்லாவே படம் எடுத்திருந்தார்.

மச்சான் போனைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். நான் தெர்மாகோல் மயிலைப் பாத்தேன். நிலத்துப் பிரச்சனையைவிடப் பெரிய பிரச்சனை வந்துடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. மலை மொத்தமும் என்னாலதான் கையை விட்டுப் போகப்போகுது.

அண்ணாமலை போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்தார்.

"சோறும் நீங்களே போடுவீங்களா?"ன்னு கேட்டார்.

அவரே தொடர்ந்தார்.

"இல்ல, மேடைக்கி ஒரு ஆளு, சோத்துக்கு ஒரு ஆளுன்னு எங்களால மலையேறி எறங்கி அலைய முடியாதுங்க. மறுநாள் கறி விருந்துக்கு ஆளு தேடிக்கினு இருக்கோம். நீங்களே போடறதா இருந்தா பொண்ணு ஆசப்பட்ட மேடையாவே இருந்துட்டுப் போவுது."

"இல்லீங்க, நாங்க மேடை மட்டும்..."னு மச்சான் ஆரம்பிச்சார். நேர்மையான மனுஷன், அதான் அவர்கிட்ட இருக்கற கஷ்டம்.

"போடுவோம்"ன்னார் மாமனார், நாற்காலியிலேர்ந்து.

அண்ணாமலை திரும்பினார். "நீங்க?"

மாமனார் ஒரு விரலால மச்சானோட கம்ப்யூட்டரைக் காட்டினார். "தோ, போட்டுக்குது பாருங்க. ஓனரு, எம்மு. நான்தான் முனுசாமி."

அண்ணாமலை எழுந்து நின்னு கும்பிட்டார். பையிலேர்ந்து வெத்தலைப் பாக்கை எடுத்து மாமனார் கையில குடுத்தார். ஓனர் இருக்கும்போது குரூப்புகிட்ட யாரு குடுப்பாங்க?

நான் மெதுவா வெளியே நழுவி மஜீத் பாய்க்குப் போன் போட்டேன். காலையிலேர்ந்து அவரா கூப்பிட்டது போக நானா கூப்பிட்ட முதல் தடவை.

"பாய், மலையில ஒரு கறி விருந்து. வருவீங்களா?"

"எந்த மலை?"

"கல்வராயன் மலை. வெள்ளிமலை."

"பிரியாணி ஆக்கற தேக்சா அந்த வளைவுல எல்லாம் ஏறுமா தம்பி?"

"வேன்ல கட்டி ஏத்திடலாம் பாய்."

"வெறகு கெடைக்குமா?"

"மலை பாய் அது."

"சரி, வர்றேன். ஆனா ஒண்ணு தம்பி. அந்த ஜாஸ்தியா தெரியற போல்டர எடுத்துடாத. போட்டதுமே ஆர்டர் வந்துடுச்சு பாரு, நல்ல ராசியா இருக்குது."

அவர் வெச்சதும் உள்ளே வந்து, புள்ளியை எடுத்துட்டு, இனிஷியலையும் எடுத்துட்டு, மரியாதையில்லாம வெறும் செல்வம்னு அடிச்சு, ஒழுங்கா ரெட்டைப் புள்ளி வெச்சு என்டர் தட்டினேன். ஒரு நிமிஷ வேலை. படமெல்லாம் சரசரன்னு ஏறிச்சு. சாயந்திரம் திருப்பூர்லேர்ந்து மாப்பிள்ளைப் பையனும் சரின்னுட்டார்.

மச்சான் என் காதுகிட்ட வந்தார். "இப்ப யாரு ஓனரு?"

"நீங்கதான் மச்சான். உங்க அப்பா எப்பவுமே இல்ல."

"சத்தமா சொல்லாத"ன்னார். "அவுரு சந்தோசமா கீறாரு."

ஒரு பக்கம் நிம்மதியாதான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி கேக்கறா. "எங்கண்ணன் போன் பண்ணுச்சு. அந்த சைட்டுல எனக்குப் பாகம் வேணாம்னு சொல்லணுமாம். இன்னா சைட்டு அது? எந்தப் பக்கம் இருக்குது, ரோட்டு மேலயா?" உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் ஏமாற்றமாதான் இருந்துச்சு அவளுக்கு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. மேடைப் படிகிட்ட வெள்ளைச் சட்டையில மாமனார் நின்னு எல்லாரையும் வரவேத்தார். பொண்ணோட அப்பா இவருன்னு நினைச்சு ரெண்டு மூணு பேர் மொய்க் கவரை நீட்டினாங்களாம். மறுநாள் பாயோட தேக்சா கழுவின மாதிரி காலி.

மலையில அடுத்த கல்யாணமும் மச்சானுக்கே வந்திருக்கு. இந்த வீட்டுக்காரங்க மேளமும் சேத்துக் கேக்கறாங்களாம். நேத்து மாமனார் போன் பண்ணினார்.

"மாப்ள, நம்ம சர்வர்ல மேளக்காரரு யாராச்சும் குடி இருக்காரா? பாத்து சொல்லுங்க. நான் வரும்னு சொல்லிட்டேன்."

பாத்தேன், இல்ல. அதான் இப்ப தியாகதுருகத்துல ஒரு மேளக்காரருக்குச் சும்மாவே ஒரு வெப்சைட் செஞ்சுக்கினு இருக்கேன்.